நான்காவது பிளக்

ஞாயிற்றுக்கிழமை, எல் ஆல்டோ கார்ச் சந்தை.
நாலாயிரம் மீட்டர் உயரம்,
காற்றுக்கே இங்கே தட்டுப்பாடு.
"டாக்டர் ஓட்டிய வண்டி" என்றேன்.
எந்த டாக்டர் என்று கேட்கவில்லை அவள்.
போனட்டைத் திற என்றாள்.

செனோபியா யுஜ்ரா என்று பெயர் சொன்னாள்,
பத்திரத்தில் எழுதுவதுபோல் முழுதாக.
வியாச்சா தடத்தில் டாக்ஸி விட வேண்டுமாம்.
விடியுமுன் எழுந்து நான் மெழுகு தேய்த்த கதவுகளை
அவள் பார்க்கவில்லை.
புது சீட் உறையைப் பார்க்கவில்லை.
கம்பளித் துணியில் சுற்றி வைத்திருந்த
தன் சொந்த ஸ்பானரை எடுத்து
நான்கு பிளக்கையும் கழற்றி
கழற்றிய வரிசையிலேயே ஃபெண்டர்மேல் வைத்தாள்.
மீன்காரியிடம் எதுவும் பேசாமல்
செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி.

முதலாவதை விரலால் தொட்டாள்.
உலர்ந்த கரி, வெல்வெட்போல.
"கீழேயிருந்து வருகிறாய். ரிபெரால்டாவா?
வந்து மூன்று வாரம் இருக்கும்.
அந்த ஊர்க் காற்றுக்கு வைத்த ஜெட்டை
மாற்றாமல் மலையேறியிருக்கிறாய்.
பெட்ரோல் அதிகம், காற்று குறைவு.
வண்டிக்கு இழுப்பு."
அப்போதுதான் கவனித்தேன்,
நானும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதும் அதே கரி.
"அரை மணி வேலை" என்று தள்ளி வைத்தாள்.

மூன்றாவதில் ஈரம்.
மரையெல்லாம் ஆயில், கரியில் குழைந்து மைபோல.
"ரிங் தேய்கிறது.
தேயட்டும், என் முட்டியும்தான் தேய்கிறது."
சிரித்தாள். நானும் சிரித்தேன்,
கொஞ்சம் அதிகமாகவே.

நான்காவது வெள்ளை.
பெண் பார்க்கப் போகிறவன் சட்டைபோல.
பீங்கானில் கம்பெனி எழுத்துகூட மங்கவில்லை.
அவள் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
மற்ற மூன்றையும் பார்த்ததைவிட
நெடுநேரம்.
"இது எப்போது போட்டது?"
"நாலையும் சேர்த்துத்தான்..."
என்று தொடங்கிய வாக்கியம்
எனக்கே முடிக்கத் தெரியவில்லை.

"பழசு எங்கே?"

சட்டைப் பையில் இருந்தது.
ஏன் தூக்கி எறியவில்லை என்று
இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.
எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அதுவும் வெள்ளைதான்.
ஆனால் புதிதின் வெள்ளை இல்லை,
கழுவிக் கழுவி வெளுத்தது.
எரிகிற அறைக்குள் தண்ணீர் புகுந்து
ஆவியாகித் துடைத்துவிட்டுப் போன வெள்ளை.
ஓரத்தில் சுண்ணாம்புப் பொருக்கு,
அடிப்பிடித்த கெட்டிலில் இருப்பதுபோல.

"ஹெட் கேஸ்கெட்" என்றாள்,
பக்கத்து வண்டிக்காரனுக்குக் கேட்காத குரலில்.

கரனாவி தாண்டிய ஏற்றம்.
கூரைமேல் ஒரு ஃபிரிட்ஜ்,
இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் ஒன்றுமில்லை,
பின்னால் லாரி ஹார்ன்.
முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.
நான் செய்ததெல்லாம்
ரேடியோவைச் சத்தமாக வைத்ததுதான்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.

பிளக்குகளைத் திரும்ப மாட்டினாள்,
முதலில் கையால், பிறகு ஸ்பானரால்,
வாங்கப்போகிறவளைப்போல் பதமாக.
பிறகு ஸ்பானரைத் துணியில் சுற்றிக்கொண்டு
போய்விட்டாள்.

முப்பதடி போய்த் திரும்பி வந்தாள்.
விலை பேசத்தான் என்று நினைத்தேன்.
"ரேடியேட்டரில் வெறும் தண்ணீரா?"
தலையாட்டினேன்.
"ராத்திரி உறையும். பிளாக் வெடிக்கும்.
இருட்டுமுன் இறக்கிவிடு."

இருட்டுமுன் இறக்கினேன்.
குழாய்க்குக் கீழே கையை வைத்தேன்.
இன்னும் சூடாயிருந்தது.
பழைய பிளக் அவளிடமே இருப்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.