மஞ்சள் வயர்

பெலோத்தாஸில் ஜூலை. சுவரே வியர்க்கும் குளிர்.
இருபத்தேழு அங்குல மானிட்டர்,
நான் வேலை பார்த்த கம்பெனி மூடியபோது
சம்பள பாக்கிக்கு ஈடாகத் தந்தது.
அதன் முதுகில் இரண்டு துளைகள்.
இரண்டும் ஒரே சாதி,
வெளியாளை உள்ளே விடாது.

தம்பி வல்தீர் தூக்கிவந்த கேம் பெட்டிக்கோ
மூன்று வால்.
சிவப்பும் வெள்ளையும் ஓசைக்கு.
படம் முழுக்க மஞ்சளில் வரும்.
வானம், புல், எழுத்து, மீதி உயிர்களின் எண்ணிக்கை,
எல்லாம் அந்த ஒற்றை வயருக்குள்
நெருக்கியடித்துக்கொண்டு பயணம்,
கார்னிவல் ராத்திரியின் கடைசி பஸ் மாதிரி.

நடுவில் வைக்க ஒரு மாற்றி வாங்கினேன்,
தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது.
கடைக்கார அடெமார் சத்தியம் செய்தார்:
"எதையும் எதிலும் மாட்டலாம், தோனா ஜுரேமா."
முதல் தடவை நீலத் திரை.
இரண்டாம் தடவை 'சிக்னல் இல்லை' என்ற வாசகம்
மூலைக்கு மூலை அலைந்தது,
சாவியைத் தொலைத்தவர் போல.
மூன்றாம் தடவை வல்தீர் எல்லாவற்றையும் பிடுங்கி
ஊதி, சட்டையில் துடைத்து, மாட்டினான்.
வந்தது படம்.
பக்கவாட்டில் இழுபட்டு, நிலா முட்டையாகி,
கறுப்பு வெள்ளையில்.

ஊருக்கெல்லாம் ஒரு முறை என்றால்
எங்கள் பழைய பெட்டிகள் நிறம் பேசுவது வேறு முறையில்.
பால்-எம் என்று பெயர்.
மாற்றிக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை.
வெளிச்சத்தை மட்டும் வாங்கிக்கொண்டு
நிறத்தைக் காற்றில் விட்டுவிட்டது.

"பரவாயில்லை, ஆடலாம்" என்றான்.

இரண்டு தவளைகள், ஒரு குளம், பதினாறு ஈ.
என் தவளை பச்சை. அவனுடையது செங்கல் சிவப்பு.
சின்ன வயதில் முன்னூறு ஆட்டம் ஆடியிருப்போம்.
முன்னூறும் நானே.
மக்கு, மந்தம், பாதியில் கண்ட்ரோலரை எறிகிறவன்,
காய் எது பழம் எது என்று தெரியாமல்
பச்சைப் பிதாங்காவைக் கூடை நிறையப் பறித்துவந்து
அடி வாங்கினவன்.

இப்போது இரண்டு தவளையும் ஒரே சாம்பல்.
எது நான்?
இடப்பக்கம் அழுத்தினேன்.
எதுவோ குதித்தது, ஓர் இமைப்பு கழித்து.
இந்த மானிட்டர் யோசித்துவிட்டுத்தான் எதையும் காட்டும்.
அவன் பாட்டுக்கு விழுங்கிக்கொண்டிருந்தான்.
பதினொன்று, ஐந்து.
பதின்மூன்று, மூன்று.
"எப்படிடா தெரிகிறது?"

"உன்னுடையது குதிக்கும் முன் தொண்டையை உப்பும்.
என்னுடையது உப்பாது."
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.
"நான் அதைப் பார்த்து முடிப்பதற்குள்
நீ ஈயைத் தின்றிருப்பாய்.
எதை வைத்துக் கண்டுபிடிக்கிறாய் என்று
எனக்குப் புரிந்ததே இல்லை."

கண்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.
நாற்பத்தொரு வயது.
விடிகாலை மூன்று மணிக்கு பேக்கரி திறக்கிறவன்.
வெந்ததா கருகியதா என்று
மூக்கால் மட்டுமே பார்க்கிறவன்.
அதைத் திறமை என்று
நாங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம்.

மறுவாரம் சாவோ பாலோவிலிருந்து
பால்-எம் தெரிந்த மாற்றி வந்தது, நாலு மடங்கு விலை.
மாட்டினேன். குளம் நீலமாயிற்று.
என் தவளை சுரீரென்று பச்சை.
பதினாறு, சுழி.
வல்தீர் எழுந்துபோய்க் காபிக் குவளையைக் கழுவினான்.
"அழகாயிருக்கிறதா?" என்றான் அங்கிருந்தே,
கேலி இல்லாமல்,
தான் போகாத ஊரைப் பற்றிக் கேட்பவன் போல்.
சொல்லத் தெரியவில்லை.
"பச்சையாக இருக்கிறது" என்றேன்.

வியாழக்கிழமைகளில் இப்போது
அடெமாரின் மலிவு மாற்றிதான்.
தொண்டை உப்புகிறதா என்று
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன்.
போன வாரம் ஒன்பதுக்கு ஏழு வரை வந்துவிட்டேன்.
"உனக்கும் கண் தெரிய ஆரம்பித்துவிட்டது" என்றான்.
நிலா மட்டும் இன்னும் முட்டைதான்.
அதற்கு ஏதோ பொத்தான் இருக்கிறதாம்,
தேட வேண்டும்.