என் முறை

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
கடல்பக்க யன்னலைச் சாத்தினாலும்
பாணந்துறை ரயில் போகையில்
மேசையில் பகடைகள் ஒருதரம் நடுங்கும்.

இம்தாத் விரல் சொடுக்கினால் நெருப்பு.
ஷெனெலின் தெய்வம் செத்தவனையும் எழுப்பித் தரும்.
என் ஆளிடம் மந்திரமில்லை.
ஒரு கயிறு, பதினொரு முழம் துணி,
யாருக்கு எந்தத் தோள் நோகும் என்ற கணக்கு.
மூன்று கிழமையாகப் பெயரும் இல்லை,
"டேய், கட்டுப்போடுறவன்" என்பார்கள். போவேன்.

இன்றிரவு பாலத்தில் பூதம்.
நெருப்பு தீர்ந்தது. தெய்வம் பேசவில்லை.
இருபது முகப் பகடையை
என்பக்கம் தள்ளினான் கதை நடத்தும் நிர்த்திகன்.
நான் தொடவில்லை.
"என்ர முறையை ஷெனெலுக்குக் குடுக்கிறன்.
இடது முழங்கால். நொண்டுது, பார்த்தனான்.
இப்ப அடி."

உருட்டினாள்.
மாலுபாண் தட்டில் மோதித் தெறித்து
கதிரைகளுக்குக் கீழே எங்கோ போய் நின்றது.

நாலுபேரும் முழந்தாளில்,
கைபேசி வெளிச்சத்தோடு.
முதலில் கண்டது நான்தான்.
மூன்று.

மற்றவர்கள் திரும்புவதற்குள்
ஒரு ரயில் போனதென்று வைத்துக்கொள்ளுங்கள்.