ஏழாம் அத்தியாயம்

குண்டு சாலையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறேன்.
பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை
ஊரை விலைபேசி வாங்கினார்களாம்.
இப்போது அங்கே பஞ்சர் கடை, ஜெராக்ஸ்.

பையில் கைப்பிரதி. ஓரத்தில் பச்சை மை:
"பத்து வயதினருக்கு. ரத்தம் குறைக்கவும்."
குறைத்தேன்.
அகழியில் மிதந்த கையை எடுத்தேன்,
பிறகு ஈக்களை.
கழுகு இருக்கலாமாம்,
அது வானத்தில்தானே இருக்கிறது.

அஞ்சாபுலியை மட்டும் தொடவில்லை.
பதினோரு வயது,
சிப்பாய்களுக்குத் தோல்பையில் தண்ணீர் சுமப்பவன்.
ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று,
வண்டிப்பாளையத்து மேடு, ஆனி வெயில்.
ஏழாம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறான்.

முதுநகர்ப் பள்ளியில் வாசித்துக் காட்டியபோது
ஸபூரா எழுந்தாள், கையில் கடித்த பென்சில்.
"ஒன்பதாவதுல சமாதானச் சேதியோட கப்பல் வருது.
சீமையில தை மாசமே கையெழுத்துப் போட்டாச்சுன்னு
நீங்களே எழுதியிருக்கீங்க."

கப்பல் வர நாளாகும்மா, என்றேன்.

"அது தெரியும் சார்.
அவனுக்கு யாரு சொல்றது?"

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள்.
அன்றிரவு பத்து பக்கம் கிழித்தேன்,
கப்பலைச் சீக்கிரம் கொண்டுவரப் பார்த்தேன்.
காற்று எதிரே அடித்தது.
காற்றையும் நான்தான் எழுதுகிறேன்,
இருந்தும் திருப்ப மனம் வரவில்லை.

கடைசியில் ஒரே வரி சேர்த்தேன்:
சரிவில் கிடந்த தோல்பை
இருட்டும்வரை சொட்டியது.

ரத்தம் என்ற சொல் எங்கும் இல்லை.
பச்சை மை இதையும் அடிக்கும், தெரியும்.

"ஓ.டி. போகுமா?" என்கிறேன்.
"ஏறுங்க, ஒரு ஆள்தான் இடம்."