மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்

ஆறு கிழக்கே வரும்.
நோயாளியை நாங்கள் மேற்கே அனுப்புவோம்.

திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனை.
இரவுப் பணியில் ஒரு டாக்டர், நான்,
வார்டில் பதினெட்டுப் பேர்.

இதயத்துக்கு இங்கே ஆள் இல்லை.
நரம்புக்கு மாதத்தின் இரண்டாம் புதன்.
சிறுநீரகத்துக்கு வெள்ளி, அதுவும் பத்து முதல் ஒன்று வரை.
மனசுக்கு வியாழன்;
"வியாழக்கிழமை டாக்டர் வந்தாச்சா" என்பார்கள்
குரலைத் தணித்து.
முறைவைத்துத் தண்ணீர் விடுகிற சீமை இது.
ஏன் என்று யாரும் கேட்பதில்லை,
எங்கள் முறை எப்போது என்றுதான்.

நெஞ்சுவலிக்கு முறை தெரியாது.

மாசி பிறந்த வாரம், சம்பா அறுப்பு முடிகிற சமயம்,
இரவு ஒன்று இருபது.
அறுப்பு மெஷின் ஓட்டுகிற வீரையன்.
"வாயுதான் சிஸ்டர், ஒரு ஊசி போட்டா ஓடிப்போயிரும்,
விடிஞ்சா ஏழு ஏக்கர் கெடக்கு"
சொல்லி முடிக்குமுன் சட்டை நனைந்துவிட்டது.
நெஞ்சில் ஒட்டியிருந்த வைக்கோல் தூசைத் துடைத்த பிறகுதான்
ஈ.சி.ஜி. பிடித்தது.
கோடு
இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல்
வரப்பு மாதிரி நின்றது.

படம் எடுத்தேன்.
ஆக்சிஜன் கிடங்குக்குப் பின்னால்
ஜெனரேட்டருக்கும் வேம்புக்கும் நடுவே மட்டும்தான் சிக்னல்.
கையைத் தூக்கி நின்றேன்.
ஒரு டிக்.
ஒரே டிக்.
இரண்டு.
நீலம்.

நான் உள்ளே வருவதற்குள்
டூட்டி அறையில் லேண்ட்லைன் அடித்தது.
தஞ்சாவூர். டாக்டர் புனிதவதி.
பதினான்கு மாதமாகக் கேட்கிற குரல், முகம் தெரியாது.
"வலி எப்ப ஆரம்பிச்சது?
பக்கவாதம் வந்திருக்கா? ஆபரேஷன் ஏதாச்சும்?
மலத்துல ரத்தம்?
மருந்து ஸ்டாக் இருக்கா?"
இருந்தது, இரண்டே குப்பி.
"போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அறை மேசையிலிருந்து ஐந்தாம் கட்டிலுக்குப் பதினோரு எட்டு.
ஃபோன் ஒயர் மூன்று எட்டு.
எங்கள் டாக்டர் கட்டிலோடு, நான் பிரஷர் கருவியோடு.
ரிசீவரை யார் பிடிப்பது?
வீரையன் மனைவி கோசலை பிடித்தாள்.
நான் "நூறு" என்று கத்தினால்
"நூறுங்கறாங்க டாக்டரம்மா" என்றாள்.
"தொண்ணூறு."
"தொண்ணூறுங்கறாங்க... கொறைஞ்சிருச்சாம்மா?"
அங்கிருந்து வந்ததை அப்படியே திருப்பிச் சொன்னாள்:
"காலைத் தூக்கி வைக்கணுமாம். சொட்டை மெதுவாக்கணுமாம்."
ஒரு மணி நேரம்.
அழுகையை எங்கே வைத்திருந்தாளோ,
ஓர் எண் கூடத் தப்பவில்லை.

மூன்று மணிக்கு நூற்றெட்டு கிளம்பியது,
முள்ளியாறு, பாமணியாறு, வடவாறு, புதாறு,
ஒவ்வொரு பாலமாக மேலே.
நான் தாளில் எழுதினேன்:
மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்.
சிலருக்கு அதுதான் கடைசித் தாள்.
மன்னார்குடி தாண்டுமுன் டிரைவர் அழைப்பார்,
நான் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பேன்.

அந்தத் தாளின் அடியில் ஒரு கட்டம் உண்டு:
அனுப்பியவருக்குத் தகவல்.
பதினான்கு மாதத்தில் நிரம்பித் திரும்பியவை மூன்று.
அதில் ஒன்றில் கையெழுத்து புரியவில்லை.

சித்திரையில் வீரையன் வந்தார், மாத்திரை வாங்க.
இரண்டு ஸ்டென்ட். என்னை அடையாளம் தெரியவில்லை.
ஒரு மாத மாத்திரைக்குப் பதினைந்து நாள்தான் கொடுக்கிறார்கள்
என்று கவுண்டரில் சண்டை.
நல்ல சத்தம். நெஞ்சு தாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோசலைதான் பக்கத்தில் வந்தாள்.
"அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன்.
கொரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்ல சிஸ்டர்,
குட்டையா இருக்காங்க, ஒரு கால் சாய்ச்சு நடக்குறாங்க.
நடுவுல நின்னு கத்தினது யாருன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"சிஸ்டர்னு சொன்னேன். பேரு தெரியலையே."

சொல்ல வாயெடுத்தேன்.
அன்று இரண்டாம் புதன்,
நரம்பு வரிசை கேட்டைத் தாண்டி நின்றது.
யாரோ டோக்கன் கேட்டார்கள்.