பதின்மூன்றாம் சில்லு

தண்ணீருக்குள் வெயிலைப் பிடிக்கப் போனால்
முதலில் சாவது சிலிக்கான்தான்.
நனைந்ததும் தன்மேல் தானே
கண்ணாடியைப் போர்த்திக் கதவடைத்துக்கொள்ளும்.

அதனால்தான் இந்த டைட்டானியம் ஆக்சைடு.
அறுபது தடவை அதன் ஆவி, அறுபது தடவை நீராவி,
இடையிடையே நைட்ரஜன் கழுவல்.
கூட்டிப் பார்த்தால் இரண்டரை நானோமீட்டர்.
தடித்தால் மின்சாரம் முரண்டு பிடிக்கும்,
மெலிந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

எலக்ட்ரானை விடு, துளையைத் தடு:
அதற்கிட்ட வேலை அவ்வளவே.
இதை விளக்க முதல் வரைவில்
வெட்டாற்றின் கடைசி நீரொழுங்கியை எழுதியிருந்தேன்.
ஆறு வடிய வேண்டும், கடல் ஏறக் கூடாது;
பலகையை எவ்வளவு தூக்குவதென்று
லஸ்கர் சித்திரவேலுவுக்குத்தான் தெரியும்.
நெறியாளர் சிவப்பு மையில் அடித்துவிட்டு
ஓரத்தில் கேட்டிருந்தார்: தரவு எங்கே?

தரவு இதோ.
பங்குனிக் கடைசி, செவ்வாய்க்கிழமை.
மாதாந்திரப் பராமரிப்பென்று திருவாரூர் முழுக்க மின்தடை.
செயற்கைச் சூரியன் பொசுக்கென்று அணைந்தது.
யு.பி.எஸ். இரண்டு முறை கீச்சிட்டு ஓய்ந்தது.
ஹாஜிரா ஒன்றும் பேசவில்லை.
பீக்கரை இரு கையாலும் ஏந்தி
மாடிப்படி ஏறினாள்.
ஸ்டாப்வாட்ச்சோடு நான் பின்னால்.

தொட்டியின் நிழலைத் தாண்டி வைத்தோம்.
வரிசையாகக் கோத்த மூன்று சில்லுகள்,
வெளிக்கம்பி கிடையாது, பேட்டரி கிடையாது.
கீழே நெல் தரிசில் உளுந்து பிடுங்கினார்கள்.
டிராக்டரில் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஓரத்தில்
கடுகுகூட இல்லை, கடுகின் நிழல்.
பெருத்தது, ஒட்டிக்கொண்டே தயங்கியது,
விட்டது.
அடுத்தது.
அப்புறம் எண்ண முடியவில்லை,
கொதிக்கப் போகிற உலையின் அடிபோல.

ஹாஜிரா முக்காட்டு நுனியால் வெயிலை மறைத்தாள்,
குமிழி நின்றது. எடுத்தாள், வந்தது.
மறுபடி மறைத்தாள். மறுபடி.
ஆய்வில் இதற்கொரு பெயர் உண்டு;
அன்றைக்கு அது வெறும் விளையாட்டு.

பத்தொன்பது நிமிடம்.
பின் நடுவிலொரு கறுப்புப் புள்ளி,
புள்ளியைச் சுற்றி ஊதா வளையம்,
அவ்வளவுதான், அடங்கிவிட்டது.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தேன்.
தூசி உட்கார்ந்த இடத்தில் படலம் ஒட்டாமல் ஒரு துளை.
தடுக்கச் சொன்ன துளை வேறு, இது வேறு.
வரப்பு எத்தனை உயரமிருந்து என்ன,
ஒரு நண்டு வளை போதும்,
விடிவதற்குள் வயல் வடிந்து கிடக்கும்.

நோட்டில் எழுதினேன்:
சில்லு 13. வெயில், இயற்கை. 19 நி. 40 வி.
காரணம் என்ற கட்டத்தில்
நண்டு என்று எழுதி
அடிக்காமல் விட்டேன்.