தொங்கற் கணக்கு

விடைத்தாள் இருபத்தேழு.
மஃரிபுக்குப் பிறகு கரண்ட் வந்து
பச்சைப் பேனாவைத் திறந்தேன்.

பாடத்துக்குப் புதுப் பெயர்:
கணக்கீடும் நிலைபேறான அபிவிருத்தியும்.
இறுதி வருடம், இரண்டு கிரெடிட்,
வெள்ளி பின்னேரம், எல்லோரும் பஸ்ஸை நினைக்கும் நேரம்.
ஒலுவில் மண்டபத்துத் திரையில்
பதினேழு நிறப் பெட்டிகளைக் காட்டினேன்.
பின்வரிசையில் ஒருவன் தூங்கினான்.
கோபம் வரவில்லை.
நானும் தூக்கத்தில்தான் வாசித்தேன்.

ஒப்படை இலகு:
உங்கள் ஊரில் ஒரு தொழிலை எடுங்கள்,
அதன் ஏடுகளில் இல்லாததை எழுதுங்கள்.
பலர் மரம் நட்டிருந்தார்கள்.
ஆடு தின்ற கன்றுக்குப் பெறுமானத் தேய்வு
ஒருத்தரும் காட்டவில்லை.

இந்தத் தாளில் சுட்டெண் மட்டும்தான்.
எழுத்தைக் கண்டால் ஆளைத் தெரியும்,
ஆதம்பாவா ஹஸ்மியா.
எடுத்தது சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை.
நெல் வாங்கியது வரவில்,
அரிசி விற்றது செலவில்,
தவிட்டுக் காசிலும் பிசகில்லை.
பிறகு ஒரு கோடு.
கோட்டின் கீழே, கடன்கொடுத்தோர்:

மூன்றாம் குறுக்கு, சபூறா உம்மா.
ஜும்மாவுக்குத் தோய்த்த வெள்ளையை
இரண்டாம் தரம் தோய்த்தது, ஐம்பத்திரண்டு வெள்ளி,
தரம் நூற்றெண்பதுப்படி
ஒன்பதாயிரத்து முந்நூற்று அறுபது.
கானோரத்து வீடு, றியாஸ்தீன் மகன், வயது ஆறு.
இழுக்கும் மருந்து, மாதம் ஒன்று. சீட்டு இணைத்துள்ளேன்.
நெல் அவித்த தண்ணி விழும் வாய்க்கால்,
முன்பு பனையான் பிடிபட்ட இடம்.
தொகை: தெரியாது.

தெரியாததை அவள் சைபர் என்று எழுதவில்லை.
நாங்கள் எழுதுவோம்.

வரவுப் பக்கத்தில் இதுவும் இருந்தது:
மூட்டை ஏற்றும் என் நானாவின் சம்பளம்,
அதில் என் விடுதிக் காசு,
நாற்பது வீட்டு அடுப்பு.
அதையும் பேனாவால்தான் எழுதியிருந்தாள்.

இரண்டு பக்கமும் சமப்படவில்லை.
மீதியைத் தொங்கற் கணக்கில் போட்டு
அடியில் சின்ன எழுத்தில்:
பிழை கண்டுபிடிக்கும்வரை இங்கே தொங்கும்.
பிழை என்னுடையதல்ல, சேர்.

புள்ளித் திட்டத்தில் இதற்கு இடமில்லை.
சமப்பட்டால் ஐந்து, இல்லாவிட்டால் பூச்சியம்.
திட்டத்தை எழுதியவன் நான்.

ஆலையையும் எனக்குத் தெரியும்.
வருடாவருடம் ஏப்ரல் முடிய
ஹாஜியாரின் பைல்கள் இரவில் என் மேசைக்கு வரும்.
'உண்மையும் நியாயமுமான தோற்றம்' என்ற வரியின் கீழே
இன்னொருவர் ஒப்பமிடுவார்.
கூட்டுவது நான்.
கூலியோடு ஒரு மூட்டை கீரிச் சம்பா.
இன்றைய சோறும் அதுதான்.

அவளுக்குத் தெரிந்திருக்குமா?
ஆலை வாசலில் அவள் நானா
என் மோட்டார் சைக்கிளைக் கண்டிருப்பான்.
ஒருநாள் ஸலாம் சொன்ன நினைவும் இருக்கிறது.

பூச்சியத்துக்கு வளைந்த பேனாவை நிறுத்தி
ஓரத்தில் எழுதினேன்:
சாம்பலுக்கு உறுதிச்சீட்டு எங்கே?
கணக்காளன் ஒன்றை நம்பத் தொடங்கினால்
முதலில் கேட்பது அதைத்தான்.

கேட்டுவிட்டு இருக்க முடியவில்லை.
எழுந்துபோய் ஜன்னல் கட்டையை
ஒரு பழைய மட்டையால் வழித்தேன்.
கறுப்பு, பவுடர் மாதிரி.
காலையில்தான் துடைத்த கட்டை.
சொப்பிங் பையில் கொட்டி
மனைவி கேக்குக்கு மா நிறுக்கும் தராசில் வைத்தேன்.
பதினொரு கிராம்.
திகதி போட்டேன். நேரம் போட்டேன்.
எங்கள் வீட்டு இலக்கம் போடக்
கொஞ்சம் யோசித்து, போட்டேன்.
மேலே 'உறுதிச்சீட்டு இல. 1' என்றெழுதி
அவள் தாளோடு சேர்த்துக் குத்தினேன்.

புள்ளிக் கட்டம் இன்னும் வெறுமை.
மிச்சம் பதின்மூன்று தாள்.
சோறு ஆறுகிறது என்று
உள்ளேயிருந்து இரண்டாம் தரம் கூப்பிடுகிறாள்.