எலுமிச்சை போன வழி

ஏறுவதற்கு நெஞ்சு போதும்.
இறங்குவதற்குத்தான் முழங்கால்.
வலது மூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு
பிசியோ நஸ்ரீன் சொன்னாள்:
"மேடு தேடி நடங்க. இறக்கத்தில் மெதுவா."

இந்தத் தட்டைத் தீவில்
மேட்டுக்கு நான் எங்கே போவேன்?
அலுவலகத்திலிருந்து எட்டு நிமிடத்தில்
ஒன்று மிச்சமிருந்தது: கிளப் தெரு.

மதிய இடைவேளை.
ஆன் சியாங் குன்றில் நின்று மூச்சு வாங்கிவிட்டு
இறங்குகிறேன், நண்டு மாதிரி, பக்கவாட்டில்.
ஐந்தடி நடைபாதையும் என்னோடு இறங்குகிறது,
வாசலுக்கு வாசல் ஒரு படி, அரைப் படி,
அண்டை வீட்டோடு சண்டை போட்டதுபோல் உயரம் மாறி.
ஏலக்காய்ப் பச்சையில் சன்னல் கதவுகள்.
மேலே ஏதோ ஒரு சங்கத்தின் பெயர், பொன்னெழுத்தில்;
எனக்கு வாசிக்கத் தெரியாது.
கீழே ஒயின் பட்டியல்.
வாசிக்கத் தெரியும், விலைதான் புரியவில்லை.

இன்னும் திறக்காத மதுக்கூடத்தின் முன்
லாரியிலிருந்து பெட்டி இறக்குகிறான் ஒருவன்,
சட்டையில் ரோமெல் என்று தைத்திருக்கிறது.
பெட்டியின் அடி பிரிந்து
ஒரேயொரு எலுமிச்சை வெளியே குதித்தது.
"சாரி, மேடம்!"
கொட்டியது நான் என்பதுபோல் நானும் சாரி சொன்னேன்.

உருண்டது.
புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த தூணில் முட்டி, யோசித்து,
மறுபடி உருண்டது. அதற்கு மூட்டு இல்லை.
நஸ்ரீனை மறந்து பின்னாலேயே போனேன்.

தெரு எதற்காகச் சரிகிறது என்று
தெருவுக்கே நினைவிருக்கிறதோ என்னவோ,
எலுமிச்சைக்கு இருந்தது:
கீழே கடல்.

கிராஸ் ஸ்ட்ரீட் சந்திப்பில்
சாக்கடை மூடியின் ஓரம் நின்றுவிட்டது.
கடலைக் காணோம்.
பக்கத்துக் குன்றை வெட்டி, கூடை கூடையாய்க் கொட்டி
அதை அப்பால் தள்ளி ரொம்ப நாளாகிறது.
அந்த மண்ணின்மேல்தான் சிசில் தெரு.
அங்கே பதினோராம் மாடியில்
அச்சுப்பொறிக்குப் பக்கத்தில் என் நாற்காலி.
ஆக, இத்தனை வருடமும்
ஒரு குன்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
நஸ்ரீனிடம் சொல்ல வேண்டும்,
கணக்கில் சேர்ப்பாளா பார்க்கலாம்.

பச்சை மனிதன் வந்து, சிமிட்டி, போனான்.
சந்தியில் கிடக்கும் எலுமிச்சையை
தொடாதே, தாண்டாதே என்று வளர்ந்தவள் நான்.
குனிய வலித்தது. குனிந்தேன்.
ஒரு பக்கம் சிராய்த்து, இன்னும் சூடாக,
கையெல்லாம் வாசனை.

மணி ஒன்று நாற்பது.
மேலே, ரொம்ப மேலே, ரோமெல் கையசைக்கிறான்:
வேண்டாம் என்றா, கொண்டு வா என்றா
இவ்வளவு கீழேயிருந்து
தெரியவில்லை.